விஎம்மை இடம் மாற்றினீர்களா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

விஎம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி. அதை ஓட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதை விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பர் 22 அன்று வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, இனி சந்தா மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில், விஎம்வேரின் சர்வர் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ-யின் இலவசப் பதிப்பு போனது. 2025 ஏப்ரலில் 8.0 அப்டேட் 3இ பதிப்போடு அது திரும்பி வந்தபோது, சின்ன அலுவலகங்கள் பலவும் மூட்டை கட்டிவிட்டிருந்தன. நான் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்த இடம் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர். டெபியன் லினக்ஸ் மேல், லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மை வைத்து ஓடும் இதில், 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, இஎஸ்எக்ஸ்ஐ-யில் உள்ள விஎம்களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் இறக்குமதி வசதி இருக்கிறது. நான்கைந்து கிளிக்தான். அப்புறம்தான் கதையே.

இடம் மாறிய விஎம் கிளம்ப மறுத்தால், உள்ளே இருக்கும் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீஇன்ஸ்டால் பக்கம் போய்விடாதீர்கள். கெட்டிருப்பது அபூர்வம். அதற்கு அடியில் இருந்த வன்பொருள்தான் மாறியிருக்கும்: டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, ஃபர்ம்வேர், சிபியு மாடல், கடிகாரம். கீழே வரும் சர்வர் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். அதனால் முதலில் பழைய இஎஸ்எக்ஸ்ஐ-யில் அந்த விஎம்மின் செட்டிங்ஸைத் திறந்து திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ப்ராக்ஸ்மாக்ஸின் ஹார்டுவேர் பக்கத்தை வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பழைய விஎம்மை அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடவும் கூடாது.

இன்னும் இடம் மாற்றவில்லை என்றால் இரண்டு வேலை பாக்கி. விஎம்முக்குள் போட்டிருக்கும் டிரைவர் தொகுப்பான விஎம்வேர் டூல்ஸை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வேறு ஹைப்பர்வைசருக்கு வந்த பிறகு அதன் அன்இன்ஸ்டாலர் முரண்டு பிடிக்கும். அடுத்தது விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கர், அதைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: விண்டோஸ் நீலத்திரை, "இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்"

அதிகம் வரும் தொல்லை இதுதான். பழைய விண்டோஸ் என்றால் 7பி என்று முடியும் எண் மட்டும் தெரியும். காரணம் எளிது. ப்ராக்ஸ்மாக்ஸில் டிஸ்க்கை, விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ ஸ்கஸி கன்ட்ரோலரில் மாட்டியிருப்பீர்கள். அதற்கான டிரைவர் விண்டோஸோடு வருவதில்லை. பூட் ஆகும் முதல் நொடிகளிலேயே சி டிரைவ் கண்ணில் படாததால் விண்டோஸ் கையை விரித்துவிடுகிறது.

சரிசெய்யும் வரிசை முக்கியம், குறுக்குவழி தேடாதீர்கள்.

விஎம்மை அணையுங்கள். ஹார்டுவேர் பக்கத்தில் பூட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து டிடாச் கொடுங்கள். அது அழியாது, "அன்யூஸ்டு டிஸ்க்" என்று கீழே போய் உட்காரும். அதை இரட்டைக் கிளிக் செய்து, பஸ் என்ற இடத்தில் சாட்டாவைத் தேர்ந்தெடுத்து மறுபடி சேருங்கள். அடுத்து ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பூட் ஆர்டரைத் திறந்து இந்தச் சாட்டா டிஸ்க்குக்கு டிக் போடுங்கள். டிடாச் செய்ததும் அந்த டிக் போய்விடும், தானாகத் திரும்பி வராது. "பூட் செய்ய எதுவும் இல்லை" என்று அடுத்து வரும் புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இப்போது விண்டோஸ் கிளம்பிவிடும், கொஞ்சம் மெதுவாக. கிளம்பியதும் 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்க்கை ஸ்கஸி பஸ்ஸில் சேருங்கள். கன்ட்ரோலர் வகை "விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள்" என்று இருக்கட்டும். அப்புறம் ஃபெடோரா திட்டம் வெளியிடும் விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை சிடி டிரைவில் மாட்டி, அதிலுள்ள கெஸ்ட் டூல்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். எதற்கு இந்த டம்மி டிஸ்க் என்று கேட்பீர்கள். டிரைவரை மட்டும் போட்டு வைத்தால், பூட்டின்போதே அதை ஏற்றவேண்டும் என்று விண்டோஸ் குறித்துக்கொள்ளாமல் விடுவதுண்டு. கன்ட்ரோலரைக் கண்ணால் பார்த்துவிட்டால் குறித்துக்கொள்ளும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த 1 ஜிபி தெரிந்தால் வேலை முடிந்தது.

விஎம்மை அணைத்து, டம்மியை நீக்கி, உண்மையான டிஸ்க்கைச் சாட்டாவிலிருந்து கழற்றி ஸ்கஸியில் மாட்டி, பூட் ஆர்டரில் மறுபடி டிக். அவ்வளவுதான்.

இதன் வால் ஒன்று உண்டு. சி டிரைவ் வந்துவிடும், டி டிரைவைக் காணோம். அதனால் அங்கே தரவை வைத்திருக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வீஸ் கிளம்பாது. தரவு போய்விடவில்லை. விண்டோஸ் சர்வர் பதிப்புகள், புதிதாகத் தெரியும் இரண்டாவது டிஸ்க்கை ஆஃப்லைனில் வைத்துவிடும் வழக்கமுள்ளவை. டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்கின் பெயர்மேல் வலது கிளிக், ஆன்லைன்.

அறிகுறி: லினக்ஸ் பாதியில் நின்று எமர்ஜென்சி ஷெல்லுக்குப் போகிறது

ரெட்ஹேட், அல்மா, ராக்கி குடும்பத்தில் இது சகஜம். "டிராகட் இனிட்க்யூ டைம்அவுட்" என்று வரிவரியாக ஓடி, கடைசியில் ரூட் பார்ட்டிஷனைக் காணோம் என்று நிற்கும். இந்தக் குடும்பம், பூட்டின் தொடக்கத்தில் டிரைவர்களை ஏற்றும் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை டிராகட் என்ற கருவியால் கட்டும்போது, அப்போது இருக்கும் வன்பொருளுக்குத் தேவையான டிரைவரை மட்டும் வைத்துக்கொள்ளும். விர்ட்ஐஓ அதில் இருக்காது.

பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் "ரெஸ்க்யூ" என்று ஒரு வரி இருக்கும். அதில் எல்லா டிரைவர்களும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் பூட் ஆகிவிடும். உள்ளே போய் டிராகட்டை ஹோஸ்ட்-ஒன்லி (இருக்கும் வன்பொருளுக்கு மட்டும்) இல்லாமல் ஓட்டி, உங்கள் வழக்கமான கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாகக் கட்டுங்கள். ரெஸ்க்யூ வரியை யாரோ புண்ணியவான் அழித்துவைத்திருந்தால், ப்ராக்ஸ்மாக்ஸில் கன்ட்ரோலர் வகையை "விஎம்வேர் பிவிஸ்கஸி" என்று மாற்றிப் பாருங்கள். பழைய இடத்திலும் அதே கன்ட்ரோலர் இருந்திருந்தால் லினக்ஸ் எதுவும் நடக்காததுபோலக் கிளம்பும். கிளம்பிய பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: கறுப்புத்திரை, அல்லது ஈஎஃப்ஐ ஷெல்லில் போய் நிற்கிறது

ஃபர்ம்வேர், அதாவது ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஓடி அதைக் கிளப்பும் நிரல், பொருந்தவில்லை. இஎஸ்எக்ஸ்ஐ-யில் அந்த விஎம் பயாஸில் ஓடியதா, ஈஎஃப்ஐ-யிலா என்று விஎம் ஆப்ஷன்ஸில் பாருங்கள். பயாஸ் என்றால் இங்கே சீபயாஸ். ஈஎஃப்ஐ என்றால் ஓவிஎம்எஃப், கூடவே ஒரு ஈஎஃப்ஐ டிஸ்க்கும் சேர்க்கவேண்டும்.

ஓவிஎம்எஃப் போட்டும் டெபியன் கிளம்பவில்லை என்றால், பூட் பதிவு, பழைய விஎம்மின் ஃபர்ம்வேர் நினைவகமான என்விராமிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். லோகோ தெரியும்போது எஸ்கேப் அழுத்தி, பூட் மெயின்டனன்ஸ் மேனேஜர், பூட் ஃப்ரம் ஃபைல் என்று போய், ஈஎஃப்ஐ கோப்புறைக்குள் டெபியன் என்ற கோப்புறையில் இருக்கும் ஷிம் அல்லது க்ரப் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் க்ரப் தொகுப்பை ரீகான்ஃபிகர் செய்து, "ரிமூவபிள் மீடியா பாதையிலும் நிறுவவா" என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள். இனி என்விராம் இல்லாமலும் பூட் ஆகும். "அக்ஸஸ் டினைட்" என்று வந்தால் விஷயம் வேறு: ஈஎஃப்ஐ டிஸ்க்கைச் சேர்க்கும்போது "ப்ரீ-என்ரோல் கீஸ்" டிக் இருந்ததால், நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் கோப்பைச் செக்யூர் பூட் தடுக்கிறது.

அறிகுறி: பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கிறது

48 இலக்கச் சாவி இல்லாமல் இங்கே எந்த வித்தையும் பலிக்காது. பழைய விஎம்மில், பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் மெய்நிகர் டிபிஎம் சில்லு இருந்தது. அதற்குள் இருந்த ரகசியங்கள் இறக்குமதியில் கூட வருவதில்லை. புது டிபிஎம்மைச் சேர்த்தாலும் அது காலி. பழைய விஎம்மை இன்னும் அழிக்கவில்லை அல்லவா? அங்கே திரும்பப் போய், பிட்லாக்கரை இடைநிறுத்தி, சாவியையும் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி இறக்குமதி செய்யுங்கள்.

அறிகுறி: எல்லாம் கிளம்பியது, நெட்வொர்க் மட்டும் இல்லை

லினக்ஸில் கார்டின் பெயர் மாறியிருக்கும். இஎஸ்எக்ஸ்ஐ-யில் இஎன்எஸ்192 என்று இருந்தது ப்ராக்ஸ்மாக்ஸில் இஎன்எஸ்18 ஆகும். நெட்பிளான் அல்லது நெட்வொர்க் மேனேஜர் கோப்பில் பழைய பெயரே இருப்பதால் ஐபி ஏறாது. பெயரை மாற்றுங்கள், முடிந்தது.

விண்டோஸில் இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். புது கார்டுக்குப் பழைய ஐபியையே கொடுக்கப் போனால், "இந்த ஐபி வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அந்த அடாப்டர் இப்போது கணினியில் இல்லை" என்று சொல்லும். பேய்க் கதை இல்லை. விஎம்வேரின் கார்டு ரெஜிஸ்ட்ரியில் இன்னும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால், மங்கலான எழுத்தில் விஎம்எக்ஸ்நெட்3 தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்தபின் ஐபி ஏறும்.

மேக் முகவரியையும் பழைய விஎம்மில் இருந்ததே வருகிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட ஐபியை ஒதுக்கித்தரும் டிஎச்சிபி ரிசர்வேஷன் மட்டுமல்ல, சில மென்பொருள்களின் உரிமமும் அதை நம்பித்தான் இருக்கிறது. உரிமத்துக்கான யுஎஸ்பி டாங்கிள் இருந்தால் அதை விஎம்முக்குக் கொடுக்கும்போது, ஒரே மாதிரி இரண்டு டாங்கிள் சொருகியிருக்கும் இடங்களில் ஐடியை வைத்துக் கொடுக்காமல் போர்ட்டை வைத்துக் கொடுங்கள்.

அறிகுறி: நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னால் ஓடுகிறது

ஏதோ சில நிமிடம் என்றால் நேர ஒத்திசைவுத் தொல்லை. சரியாக ஐந்தரை மணி என்றால் சந்தேகமே வேண்டாம், உலக நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. விண்டோஸ், வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கிறது என்று நம்பும். லினக்ஸ், உலக நேரம் என்று நம்பும். ப்ராக்ஸ்மாக்ஸ் எதைக் கொடுப்பது என்பதை, விஎம்மின் ஓஎஸ் வகையைப் பார்த்து முடிவுசெய்கிறது. விண்டோஸ் விஎம்முக்கு அங்கே "லினக்ஸ்" என்றோ "அதர்" என்றோ போட்டுவிட்டால் இந்தக் கூத்து.

ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஓஎஸ் வகையைச் சரியான விண்டோஸ் பதிப்புக்கு மாற்றி, விஎம்மை முழுக்க அணைத்து மறுபடி ஏற்றுங்கள். உள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதாது. இதில் அலட்சியம் வேண்டாம். அலுவலக லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரே விஎம்மாக இருந்தால், அதன் லாகின் நெறிமுறையான கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும். காலையில் வருகிறவர்கள் யாருமே லாகின் ஆக முடியாது. பில் போடும் மென்பொருள் என்றால், காலை ஐந்தரைக்கு முன்னால் போட்ட பில் எல்லாம் முந்தைய நாள் தேதியில் விழும்.

இதே அமைப்பு தவறியிருந்தால் இன்னொன்றும் நடக்கும்: யாரும் எதுவும் செய்யாதபோதும் விண்டோஸ் சிபியுவைக் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். விண்டோஸ் வகை என்று தெரிந்தால்தான் கேவிஎம் அதற்கான ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர்) சலுகைகளைத் திறந்துவிடும்.

அறிகுறி: "சிபியு எக்ஸ்86-64-வி3-ஐ ஆதரிக்கவில்லை" என்று லினக்ஸ் விழுகிறது

2025 மே மாதம் வந்த ரெட்ஹேட் 10-ஐ ஏற்றுகிறவர்கள் பார்ப்பது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் பிழை ஒரு வரி, அடுத்து கர்னல் பேனிக். சர்வரில் புத்தம்புது ஜியான் சிபியு இருந்தாலும் வரும். காரணம், ப்ராக்ஸ்மாக்ஸ் புது விஎம்முக்கு இயல்பாகக் கொடுக்கும் சிபியு வகை எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ். வி2, வி3 என்பவை சிபியு கட்டளைகளின் படிநிலைகள்; வி3 கேட்கும் ஓஎஸ்ஸுக்கு அது போதாது. சிபியு வகையை வி3 என்று மாற்றுங்கள். பழைய ப்ராக்ஸ்மாக்ஸில் உருவான விஎம்களில் கேவிஎம்64 என்று இருக்கும். அவற்றில் ரெட்ஹேட் 9-கூட இதேபோல விழும்.

எல்லாவற்றுக்கும் "ஹோஸ்ட்", அதாவது சர்வரின் சிபியு அப்படியே, என்று போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்று ஒரு அறிவுரை சுற்றுகிறது. லினக்ஸுக்குச் சரி. புதிய விண்டோஸுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஹோஸ்ட் சிபியுவின் மெய்நிகராக்க வசதியும் உள்ளே தெரிவதால், விண்டோஸ் தன் விபிஎஸ் என்ற மெய்நிகராக்கப் பாதுகாப்பை இயக்கி, விஎம்முக்குள் இன்னொரு ஹைப்பர்வைசரை ஓட்ட ஆரம்பிக்கும். வேகம் கூடும் என்று போட்ட அமைப்பே விஎம்மை மந்தமாக்கும். வி2-ஏஇஎஸ் அல்லது வி3 கொடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லா விஎம்மும் விட்டுவிட்டுத் திணறுகின்றன

நோடின் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் சர்வரின்) சம்மரி பக்கத்தில் "ஐஓ டிலே" கோட்டைப் பாருங்கள். திணறும் நேரத்தில் அது மேலே ஏறுகிறது என்றால் சிபியுவையும் ரேமையும் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், டிஸ்க்தான். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டி-க்களில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையைப் போட்டிருப்பார்கள். டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவையும் "எழுதிவிட்டேன் என்று உறுதி சொல்" என்று கேட்கும்போது, மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி தன் கேச்சை நம்பி உடனே உறுதி சொல்லும். சாதாரணமானது உண்மையிலேயே எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும். அமைப்புகளில் எதை மாற்றினாலும் இது முழுதாகத் தீராது. எஸ்எஸ்டி-யை மாற்றச் சொல்லித்தான் நான் எழுதிக் கொடுப்பேன், முதலாளி முகம் சுளித்தாலும்.

ரேம் காணாமல் போகிறது என்றால் அதுவும் இசட்எஃப்எஸ்ஸாக இருக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவினால் அதன் கேச், ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்தப்படுகிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த சர்வரில் பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ப்ராக்ஸ்மாக்ஸ் 9-க்கு மேம்படுத்தியதும் விஎம் மெமரி 100 சதவீதத்தைத் தாண்டிக் காட்டுகிறது

பதறவேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த 9.0 கணக்கிடும் முறையை மாற்றிவிட்டது. விஎம் தன் மெமரி விவரத்தைச் சொல்லாவிட்டால், ஹோஸ்ட் பார்வையில் அது பிடித்திருக்கும் அளவை, மேல்செலவோடு சேர்த்துக் காட்டுகிறது. பிஎஃப்சென்ஸ் போன்ற ஃப்ரீபிஎஸ்டி ஃபயர்வால்களில் இப்படித்தான் இருக்கும். விண்டோஸ் என்றால், இந்த விவரத்தைச் சொல்லும் பலூன் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஸ்னாப்ஷாட் எடுக்க முடியவில்லை

ஸ்னாப்ஷாட் என்பது விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது. அது முடியவில்லை என்றால், டிஸ்க் இருக்கும் இடம் லினக்ஸின் சேமிப்பு முறையான சாதாரண எல்விஎம். சான் (நெட்வொர்க் வழியாகப் பகிரும்) ஸ்டோரேஜ் வைத்திருந்த விஎம்வேர் ஆட்கள் இங்கேதான் முதல்முறை ப்ராக்ஸ்மாக்ஸைத் திட்டுவார்கள், நியாயமாகவே. எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ், க்யூகவ்2 இவற்றில் ஸ்னாப்ஷாட் உண்டு. 9.0-இல் சாதாரண எல்விஎம்முக்கும் சங்கிலி முறையில் ஸ்னாப்ஷாட் வந்திருக்கிறது, ஆனால் தொழில்நுட்ப முன்னோட்டமாக. கணக்கு சர்வரில் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: இறக்குமதியே பாதியில் நிற்கிறது

503 பிழை என்றால் இஎஸ்எக்ஸ்ஐ-யின் இணைப்பு வரம்பு முட்டுகிறது. ஒரே நேரத்தில் பல விஎம்களை இழுக்காதீர்கள். இஎஸ்எக்ஸ்ஐ-களை நிர்வகிக்கும் விசென்டர் வழியாகப் போகாமல் இஎஸ்எக்ஸ்ஐ-யை நேரடியாக இணைத்தால் வேகம் கூடும். விஎம்வேரின் பகிர்வுச் சேமிப்பகமான விசான் மேல் இருக்கும் டிஸ்க் இந்த வழியில் வராது. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் குவிந்திருந்தால் முதலில் அங்கேயே அழித்துவிடுங்கள். "லைவ் இம்போர்ட்" டிக் ஆசைகாட்டும்: நகல் ஓடும்போதே விஎம் கிளம்பிவிடும். ஆனால் நடுவில் நகல் அறுந்தால், கிளம்பிய பிறகு எழுதியதெல்லாம் போச்சு.

இனி மேசைக் கணினிப் பக்கம்: விர்ச்சுவல்பாக்ஸில் பச்சை ஆமை

மேசைக் கணினியில் விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ் 11-இல் நத்தையாக ஊர்கிறதா? விஎம் சன்னலின் கீழ்ப்பட்டையில், வழக்கமாக ஒரு சில்லு படம் இருக்கும் இடத்தில் பச்சை ஆமை தெரிகிறதா பாருங்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே சிபியுவின் மெய்நிகராக்க வசதியைப் பிடித்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அது.

"நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே" என்பீர்கள். போட்டிருக்கத் தேவையில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், கோர் ஐசொலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி, நிறுவனப் பதிப்புகளில் கிரெடென்ஷியல் கார்டு, எதுவாக இருந்தாலும் அடியில் அதே ஹைப்பர்வைசர்தான். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, "விர்ச்சுவலைசேஷன்-பேஸ்டு செக்யூரிட்டி" என்ற வரிக்கு எதிரில் "ரன்னிங்" என்று இருந்தால் விஷயம் தெளிவு.

சொந்தக் கணினி, டபிள்யூஎஸ்எல்லும் டாக்கரும் தேவையில்லை என்றால், விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அவற்றை எடுத்துவிட்டு, மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்யலாம். அலுவலக லேப்டாப்பில் அதைத் தொடாதீர்கள். ஒரு விஎம் வேகமாக ஓடுவதற்காகக் கடவுச்சொல் பாதுகாப்பைக் கழற்றுவது நல்ல பேரம் இல்லை. ப்ரோ பதிப்பு என்றால் ஹைப்பர்-வியிலேயே விஎம்மைப் போடுங்கள். வசதியான திரை வேண்டுமென்றால் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகிறது. 2024 நவம்பரிலிருந்து அது வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம்.

லினக்ஸ் மேசைக் கணினியில் "விஎம்எக்ஸ் ரூட் மோட்" பிழை

கர்னல் 6.12-க்கு மேம்படுத்திய மறுநாள் விர்ச்சுவல்பாக்ஸ் இப்படிச் சொல்லி விஎம்மை ஏற்ற மறுக்கும். கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே மெய்நிகராக்கத்தைப் பிடித்துக்கொள்வது இந்தக் கர்னலில் இயல்பாகிவிட்டது. முன்பு கேவிஎம்மில் ஒரு விஎம் ஓடினால்தான் பிடிக்கும். கர்னலை மறுபடி கம்பைல் செய்யச் சொல்லும் அந்தப் பிழைச் செய்தியை நம்பவேண்டாம். கேவிஎம் மாட்யூலுக்கு "எனேபிள் விர்ட் அட் லோட்" என்ற அளவுருவைப் பூஜ்யமாக்கி, பூட் வரியில் சேர்த்தால் போதும். அவசரத்துக்கு கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டு விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றலாம். கேவிஎம்முக்கான விர்ச்-மேனேஜருக்கு மாற மனமிருந்தால் இதுவே நல்ல சாக்கு.

எம் சில்லு மேக்கில் விண்டோஸ் ஐஎஸ்ஓ பூட் ஆகவில்லை

நீங்கள் மாட்டியிருப்பது இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கான ஐஎஸ்ஓ. ஆப்பிளின் எம் சில்லு ஏஆர்எம் வகை. அதன்மேல் ஏஆர்எம் வகை ஓஎஸ் உள்ள விஎம்தான் வேகமாக ஓடும். விண்டோஸ் 11-இன் ஏஆர்எம் ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரிலிருந்து நேரடியாகவே தருகிறது. மேக்கில் விஎம் ஓட்டும் விஎம்வேர் ஃப்யூஷனிலோ பேரலல்ஸிலோ அதைப் போடுங்கள். சாதாரண விண்டோஸ் மென்பொருள்கள் அதற்குள் மொழிபெயர்ப்பில் ஓடிவிடும். டிரைவர்கள் ஓடாது. ஜிஎஸ்டி-க்கும் டெண்டருக்கும் சொருகும், டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கனுக்கு ஏஆர்எம் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேக்கில் மல்லுக்கட்டாமல், டோக்கனை அலுவலகத்தில் உள்ள சாதாரண விண்டோஸ் கணினி ஒன்றில் சொருகி, அதில் உட்கார்ந்தே கையெழுத்திடுங்கள்.